ஏழாம் கட்டில் தாத்தாவின் நாடா

அந்த வார்ட்டில் பெரியவர்கள் யாருக்கும் பெயர் கிடையாது. பிள்ளைகளுக்காவது தலைமாட்டு அட்டையில் பெயர் எழுதித் தொங்கும். கூட இருக்கும் தாய்மாரை மூன்றாம் கட்டில் அம்மா, ஐந்தாம் கட்டில் அம்மா என்றுதான் தாதிமார் கூப்பிடுவார்கள். நான் எட்டாம் கட்டில் அம்மா.

அச்சுப்பிழை அல்ல. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து, என் மனைவி காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அதே மாதத்தில்தான் எங்கள் ஒன்பது வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். இரவில் மனைவியின் தங்கை துணைக்கு இருந்தாள், பகலில் நான். வார்ட்டில் நாள் முழுக்க இருந்த ஒரே தகப்பன் நான்தான். டொக்டர்மார் சுற்றி வரும் நேரம் சிஸ்டர் சிங்களத்தில் "அம்மலா எலியட்ட!" என்று சத்தம் போடுவார். தாய்மார் எல்லோரும் வெளியே போக வேண்டும் என்று அர்த்தம். முதல் நாள், அது எனக்கில்லையே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து வெளியே போனேன். அன்றிலிருந்து நான் அம்மா.

ஏழாம் கட்டில்காரர் அதற்கு நேர் எதிர். வத்தேகமயில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கும் முஸ்லிம் பெண். ஐம்பதை நெருங்கிய வயது. பதினொரு வயதுக் கடைசி மகனுக்கு என் மகளுக்கு வந்த அதே நோய். அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து பழையவர்கள் ஆகியிருந்தார்கள். கண்டி முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். வார்ட்டில் மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரைத் தாத்தா என்றார்கள். நானும் சொன்னேன். ஆக, மீசை வைத்த ஓர் அம்மாவும் முக்காடு போட்ட ஒரு தாத்தாவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தோம்.

அவர் கழுத்தில் எப்போதும் மஞ்சள் நிறத்தில் ஓர் அளவு நாடா கிடக்கும். டொக்டர்மார் கழுத்தில் குழாய் கிடப்பது போலவேதான். புதிதாக வரும் பெற்றோர் சிலர் ஏமாந்துபோய் அவரிடம் இரத்தப் பரிசோதனைக் காகிதத்தை நீட்டுவார்கள். அவர் மறுக்கமாட்டார். வாங்கி, மேலும் கீழும் பார்த்து, "காயிதம் நல்ல நீளமா ஈக்கிது" என்று திருப்பிக் கொடுப்பார்.

எதையும் அளக்காமல் நம்பமாட்டார். ஜன்னல் திரை, சேலைன் தொங்கும் கம்பி, கஞ்சிக் கோப்பையின் வாய், ஒன்றையும் விட்டதில்லை. "கண்ணு பொய் செல்லும் தம்பி. வெக்கமில்லாம செல்லும். டேப்புக்கு பொய் செல்லத் தெரியா." மகன் கட்டிலிலிருந்தே பின்பாட்டுப் பாடுவான்: "எங்கட உம்மா ஆம்புலன்ஸையும் அளந்தீக்காங்க, அன்கிள். ட்ரைவர் பாக்காத நேரம்."

எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று அகோரப் பசியைக் கிளப்பும். என் மகள் முகம் பூசணிக்காய் போல உப்பி, காலை ஆறு மணிக்கே மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பாள். நான் கன்டீனிலிருந்து மாலு பாண் வாங்கி வருவேன். மீன் வைத்த முக்கோண பணிஸ். ஒருநாள் கிடைத்தது ஒன்றே ஒன்று, கேட்ட பிள்ளைகள் நான்கு பேர். முக்கோணத்தை நான்காகப் பிரிப்பது எப்படி? பாதி உலகத்தின் எல்லைச் சண்டைகளைப் பற்றிப் புத்தகம் படித்தவன் நான்; ஒரு பணிஸுக்கு வழி தெரியாமல் நின்றேன். தாத்தா நாடாவை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மூன்று பக்கமும் அளந்து, கத்தி வைத்தார். நான்கு துண்டையும் மறுபடி அளந்தார். ஒரு துண்டு கால் அங்குலம் கூட. அதைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். "இது தையக் கூலி" என்றார்.

இதெல்லாம் விளையாட்டு. காலைச் சடங்குதான் என் பொறுமையைச் சோதித்தது. ஏழு மணிக்கு நான் வரும்போது அவர் கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கெண்டைக்கால், இரண்டு மேல்கை. ஒரு பிள்ளை முடிந்ததும் நாடாவைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பிள்ளை. மகன் கொப்பியில் எழுதுவான். அளக்கும் இடம் தினமும் மாறக்கூடாது என்று, முழங்காலுக்கு நான்கு விரல் கீழே நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருப்பார்.

அந்தப் புள்ளியால் ஒருநாள் பெரிய கலவரம். புதிதாக வந்த இளம் டொக்டர் ஒருவர் ஐந்தாம் கட்டில் பிள்ளையின் காலில் நீலப் புள்ளியைப் பார்த்துவிட்டார். இந்த நோயில் தோலுக்குக் கீழே இரத்தம் கசிந்து புள்ளி வரும். அது அவருக்குத் தெரியும். ஆறாம் கட்டிலைப் பார்த்தார், அங்கும் புள்ளி. ஏழிலும் புள்ளி, எட்டிலும் புள்ளி, எல்லாம் ஒரே உயரத்தில். மனிதர் வியர்த்து விறுவிறுத்து மூத்தவரைக் கூப்பிட ஓடினார். மூத்த டொக்டர் வந்து, குனிந்து, விரலை எச்சில் படுத்தப் போய், சுதாரித்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் தேய்த்தார். புள்ளி போய்விட்டது. வார்ட்டே தாத்தாவைப் பார்த்தது. தாத்தா ஜன்னலைப் பார்த்தார்.

சிஸ்டர் நாடாவைப் பறிமுதல் செய்தார். மறுநாள் காலை தாத்தா கழுத்தில் பச்சை நாடா.

"அதான் எடுத்துட்டாங்களே?" என்றேன்.

"டைலர்ட்ட ஒரு டேப்பா ஈக்கும்?"

அதையும் சிஸ்டர் எடுத்திருப்பார். ஆனால் அன்று தாத்தா அவர் முன்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து, அவர் தோளையே பார்த்தார். சிங்களத்தில் மெல்ல, "மிஸ், ஒங்கட யூனிஃபோம் வலது தோள் அரை இஞ்சி எறங்கி ஈக்கிது. தச்சவன் பிழ. ஒங்கள ஒரு பக்கம் சாஞ்சமாதிரிக் காட்டுது" என்றார். சிஸ்டர் கண்ணாடி இருக்கும் அறைக்குப் போனார். பகல் சாப்பாட்டு நேரத்தில் தாத்தா மூலையில் உட்கார்ந்து சிஸ்டரின் வெள்ளைச் சட்டையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நாடாவும் திரும்பி வந்தது. அதன் பிறகு இரண்டு நாடா.

நான் அவரை மதித்தேன் என்று சொன்னால் பொய். நான் நூலகத்தில் வேலை செய்கிறவன். மகளுக்கு நோய் என்றதும் எல்லோரும் கோயிலுக்கு ஓடினார்கள். நான் வாசிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு மருந்தின் பெயரும், அது செய்யக்கூடிய கெடுதலும் எனக்கு மனப்பாடம். அதில் ஒரு மருந்து இரத்தம் உறையாமல் காக்கும் சத்துகளைக் குறைத்துவிடும் என்றும், காலிலோ கையிலோ இரத்தக்கட்டி வந்து அந்தப் பக்கம் வீங்கலாம் என்றும் வாசித்து, பென்சிலால் அடிக்கோடும் போட்டிருந்தேன். அடிக்கோடு போட்டதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பல்லாண்டுப் பழக்கம்.

மூன்றாவது வார முடிவில், இரத்த எண்ணிக்கை சரியாக இருந்தால் மகளை மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டொக்டர் சொன்னார். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவைப் பார்த்து மூன்று வாரம். மாவுக்கட்டுக் காலோடு அவளால் ஆஸ்பத்திரிப் படி ஏற முடியாது. தொலைபேசியில் முகம் பார்ப்பதோடு சரி. மகள் விரலில் நாள் எண்ணினாள். அம்மாவின் மாவுக்கட்டில் படம் வரைய கலர்ப் பென்சில்களைச் சீவி வைத்தாள்.

இரண்டு நாள் மிச்சமிருக்கும்போது, காலையில் தாத்தா நாடாவோடு வர, மகள் போர்வையை இடுப்பு வரை இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேணாம் அன்ட்டி. கூச்சமா இருக்கு."

மறுநாளும் அதே. நாடாவுக்கு முதல் ஆளாகக் காலை நீட்டுகிறவள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. பெண் பிள்ளை, வளர்கிறாள் என்று நினைத்தேன். கக்கூசுக்குப் போகும்போது லேசாக நொண்டினாள். அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது: கொடுக்கிற ஊசிகளில் ஒன்று நரம்பைத் தொட்டுக் கால் வலி தரும், வாசித்திருக்கிறேன். நிறைய வாசித்தவனிடம் எதற்கும் ஒரு விளக்கம் கைவசம் இருக்கும், அதுதான் ஆபத்து.

வீட்டுக்குப் போகும் நாள் காலை. பையெல்லாம் கட்டியாகிவிட்டது. தாத்தா கட்டிலருகே வந்து நின்றார்.

"மகள், போற பயணம். ஒருக்கா காலக் காட்டுங்க."

"வேணாம்."

"தாத்தா, விடுங்க. இன்னும் ஒரு மணித்தியாலத்துல பெரிய டொக்டரே வந்து பாப்பாங்க" என்றேன்.

"பெரிய டொக்டர் கண்ணால பாப்பாங்க."

சொல்லிக்கொண்டே போர்வையின் ஓரத்தை விலக்கிவிட்டார். இடது காலில் நாடா ஓடியது. வலது காலில் ஓடியது. மறுபடி இடது. மகன் கொப்பியைத் திறந்து, "செல்லுங்க உம்மா" என்றான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"எடது பதினொண்டு. வலது பத்து."

மகள் என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது கெஞ்சல். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, வலியும் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவைப் பார்க்க முடியாது என்பதும் தெரிந்திருக்கிறது. நான் அந்தக் கண்ணின் பக்கம் சாய்ந்தேன்.

"ஒரு இஞ்சி ஒரு பெரிய விசயமா தாத்தா? எல்லாருக்கும் ஒரு காலு கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். எனக்கே வலது கால் பெருசு."

"அப்பிடியா? தூக்குங்க பாப்பம்."

"என்னத்த?"

"கால்ச்சட்டைய."

சவால் என்று வந்துவிட்டால் படித்தவனுக்குப் புத்தி வேலை செய்யாது. கதிரையில் உட்கார்ந்து இரண்டு காற்சட்டைக் குழாயையும் முழங்கால் வரை சுருட்டினேன். எட்டுக் கட்டில் பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்தார்கள். தாய்மார் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார்கள். தாத்தா குனிந்து நான்கு விரல் வைத்து, என் ரோமக் காலில் நீலப் புள்ளி வைத்தார். நாடா சுற்றியது.

"எடது பதினாலேகால். எழுது மகன். எட்டாம் கட்டில் அம்மா, எடது, பதினாலேகால்."

வலது காலுக்கு நாடா போகுமுன் "அம்மலா எலியட்ட!" என்று சத்தம் கேட்டது. அன்று பார்த்து டொக்டர்மார் முன்னதாகவே வந்துவிட்டார்கள். பெரிய டொக்டர் அம்மையார், பின்னால் ஆறேழு மாணவர்கள். எல்லோரும் என் காலைப் பார்த்தபடி நின்றார்கள்.

அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "இந்த அம்மா ஏன் கால் காட்டிட்டு இருக்கிறது?" என்றார்.

மாணவர்கள் சிரித்தார்கள். நான் காற்சட்டையை இறக்கத் தடுமாறினேன். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த நாடாவை மடித்து இரண்டு கைகளாலும் டொக்டரிடம் நீட்டினார், கடையில் சாவியை ஒப்படைக்கிற மாதிரி.

"மிஸ், நான் அளந்தது பிழையா ஈக்கலாம். நீங்க ஒருக்கா அளந்து பாருங்க."

டொக்டர் நாடாவை வாங்கினார். மகளின் காலில் இருந்த நீலப் புள்ளியைப் பார்த்தார். அது எதற்கென்று கேட்கவில்லை, புரிந்துகொண்டார். அளந்தார். பிறகு கொப்பியைக் கேட்டார். மூன்று வாரமாக என் மகளின் இரண்டு காலும் பத்து, பத்து, பத்து என்று ஒரே மாதிரி வந்து, கடைசி இரண்டு நாள் வெறும் கோடாக இருந்தது. கோடுகளின் மேல் விரல் வைத்தார். மகளின் கெண்டைக்காலை மெல்ல அழுத்தினார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நோகல" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குள் ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக்கட்டிதான், முழங்காலுக்குப் பின்னால் உள்ள நாளத்தில். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் அது உடைந்து நுரையீரலுக்குப் போகக்கூடும் என்று டொக்டர் சொன்னார். எனக்குத் தெரியும். அந்த வரிக்கும் அடிக்கோடு போட்டிருந்தேன்.

வீட்டுப் பயணம் ரத்து. தினமும் இரண்டு வேளை தோலுக்குக் கீழே ஊசி. மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். என்னோடு பேசினாள், ஊசி போடுகிற தாதியோடுகூடப் பேசினாள். தாத்தாவோடு மட்டும் பேச்சில்லை. தாத்தா தன் பங்கு மாலு பாணைக் கொண்டுவந்து வைப்பார். மகள் முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி எடுத்துச் சாப்பிடுவாள். மருந்துப் பசி, கோபத்துக்கு அது கட்டுப்படாது.

நான்காம் நாள் தாத்தா அவள் முதுகுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். மகனின் சட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டே முதுகோடு பேசினார்.

"மகள், இவனுக்கும் கட்டி வந்திச்சி. ஒங்களுக்குத் தெரியுமா? எடது கைல."

முதுகு அசையவில்லை.

"சட்டைட கை இறுக்கமா ஈக்கிது உம்மா எண்டான். நான் முப்பது வருசம் தச்ச மனிசி. இறுகினா கை பிழையா, சட்டை பிழையா? சட்டதான் எண்டு நெனச்சேன். துணிக் கடைக்காரருக்குப் போன் பண்ணி ஏசினேன், தண்ணில சுருங்குற துணி தந்தீக்கீங்க எண்டு. சட்டைக் கையப் பிரிச்சி, உள்ளுக்கு மடிச்சி ஈந்த துணிய விட்டுத் தச்சிக் குடுத்தேன். ரெண்டு நாளைக்குப் பொறகு திரும்ப இறுக்கம் எண்டான். திரும்பப் பிரிச்சேன்."

"பிறகு?" என்று சுவர் கேட்டது.

"மூணாந்தரம் விட உள்ளுக்குத் துணி இல்ல. அதுக்குப் பொறகுதான் கையப் பாத்தேன்."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. பக்கத்துக் கட்டிலிலிருந்து மகன், "அந்தக் கடக்காரர் இன்னும் உம்மாக்குப் பயம்" என்றான். தாத்தா சிரித்தார், மூக்கை முக்காட்டால் துடைத்துக்கொண்டார். அவன் இடது கை இன்றும் கொஞ்சம் பருமன்தான், அந்தப் பக்கம் அரை இஞ்சி கூட்டி வெட்டுகிறேன், பார்க்கிற யாருக்கும் தெரியாது என்றார்.

மறுபடி கத்தரிக்கோலை எடுத்தார். பிறகு போர்வைக்குக் கீழிருந்து, முகம் இன்னும் சுவரைப் பார்த்தபடியே, ஒரு கால் மெல்ல வெளியே வந்து கட்டில் ஓரத்தில் நின்றது. இடது கால்.

பதினொன்று, பத்தே முக்கால், பத்தரை என்று கொப்பியில் எண் இறங்கியது. எண்கள் குறைவதில் இவ்வளவு இலக்கியம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. இரண்டும் பத்து என்று ஆன பிறகு ஒருநாள் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஊசி போடும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்து. கிளம்பும்போது தாத்தா ஒரு காகிதப் பார்சல் கொடுத்தார். உள்ளே மகளுக்கு ஒரு வெள்ளைப் பள்ளிக்கூடக் கவுன். கீழ் விளிம்பில் மூன்று அங்குல மடிப்பு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று தையல்.

"இவ்வளவு மடிப்பு எதுக்கு தாத்தா?"

அடுத்த வாரத்துக்கு மேல் யாரும் எதையும் பேசாத வார்ட்டு அது. அவர் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வளருவாளே."

அவர்கள் கிளினிக் வேறு நாள், எங்கள் கிளினிக் வேறு நாள். அதற்குப் பிறகு சந்திக்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் போனாள். வருஷத்துக்கு ஒன்றாக என் மனைவி தையலைப் பிரித்துவிட்டாள். இந்தப் பள்ளித் தவணை தொடங்கியபோது பிரிக்க ஒன்றும் மிச்சமில்லை. புதுக் கவுன் கடையில் வாங்கலாம் என்றேன். "கடையில மடிப்பு ஒரு இஞ்சிதான் வைப்பாங்க" என்றாள் மகள். வத்தேகம பஸ் ஏறினோம்.

பெயர் தெரியாத ஆளை எப்படித் தேடுவது என்ற கவலை இறங்கியதும் தீர்ந்தது. முதலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கணுக்கால் வரை இறங்கிய வெள்ளைக் கவுனை மணப்பெண் போல இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். பின்னால் இன்னும் இரண்டு பேர். அவர்கள் வந்த வழியில் நடந்தோம். கடை இருந்தது.

தாத்தா எங்களை அடையாளம் காணவில்லை. உப்பிய முகமும் மொட்டைத் தலையுமாகப் பார்த்த பிள்ளை இப்போது இரட்டைப் பின்னலோடு நிற்கிறாள். "என்ன தைக்கணும்?" என்றார். மகள் பையிலிருந்து பழைய கவுனை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் விளிம்பைப் புரட்டினார். பிரித்த தையல்களின் மூன்று தடங்கள் மீதும் பெருவிரலை ஓட்டினார்.

"மூணும் முடிஞ்சா?" என்றார், குரல் மாறி. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, கடையே அதிரக் கத்தினார்: "அல்லாவே, எட்டாம் கட்டில் அம்மா!"

உடுப்பு வாங்க வந்திருந்த மூன்று தாய்மாரும் திரும்பி என் மீசையைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து மகன் வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். சட்டைக் கைகள் இரண்டும் என் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அவன் சொல்லாமலே அலுமாரியைத் திறந்து பழைய கொப்பியை எடுத்தான்.

தாத்தா தோளை அளக்க நாடாவை எடுக்கும்போது மகள் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலின் காலுறையை இறக்கி, காலை நீட்டினாள்.

"மொதல்ல இது அன்ட்டி."

இடது. வலது. மறுபடி இடது.

"செல்லுங்க உம்மா."

"ரெண்டும் பன்னெண்டு." நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் அதன் இரு முனைகளையும் பிடித்தபடி நின்றார். பிறகு மகன் கொப்பியில் ஓரிடத்தைக் காட்ட, எட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அண்டைக்கு டொக்டர் வந்து கெடுத்துட்டாங்க. ஒங்கட வலது கால் இன்னும் எழுதல்ல. பெருசு எண்டீங்களே? தூக்குங்க பாப்பம்."

மூன்று தாய்மாரும் பார்த்துக்கொண்டிருக்க, எட்டாம் கட்டில் அம்மாவாகிய நான் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினேன்.